தக்கை அசையவில்லை

மீன் விற்கிறவளிடமே மீன் கதை விட்டால் எப்படி? என் வீட்டுக்காரர் வேலப்பன் அதைத்தான் செய்தார். ஐப்பசி பிறந்ததிலிருந்து தினமும் மதியம் சாப்பிட்டதும் தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு கொசஸ்தலை ஆற்றுக்குப் போவார். பொழுது சாயும்போது நாலைந்து மீனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்புவார். "இன்னிக்கு நல்லா கடிச்சிது கன்னி" என்பார். கெளுத்தி, கிழங்கான், ஒரு நாள் கை நீளத்துக்கு ஒரு மடவைகூட.

நானும் நம்பினேன். மழைக்காலத்தில் மேலேயிருந்து நல்ல தண்ணீர் இறங்கி முகத்துவாரத்து உப்புத் தண்ணீரோடு கலக்கும்போது மீன் கரையோரம் ஒதுங்கும் என்பது எண்ணூரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மூட்டு வலி என்று சொல்லிக் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட மனிதர், வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்காமல் ஆற்றங்கரையில் உட்காரட்டுமே என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மீன் ஆய உட்கார்ந்தபோதுதான் வாயைக் கவனித்தேன். என் வாயை இல்லை, மீனின் வாயை. உதடு முழுசாக இருந்தது. தூண்டிலில் மாட்டிய மீனுக்கு உதட்டில் ஒரு கிழிசல் இருக்க வேண்டாமா? முள் ஏறிய துளையாவது? அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. செவுளோரம் நூல் அழுத்திய தடம் வேறு. வலையில் விழுந்த மீன்! அன்றைக்கு வந்த மடவையையும் நினைத்துக்கொண்டேன். மடவை எந்தக் காலத்தில் தூண்டிலைக் கடித்தது?

நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே அது அதிசயம்தான். என் வாய் எப்படிப்பட்டது என்று திருவொற்றியூர் மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழம்பு வைத்துப் போட்டேன், அவர் விரலை நக்கிச் சாப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு என்று சொல்லிவிட்டு இந்த ஆள் எங்கே போகிறார்? சரக்கடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா, இல்லை இந்த வயசில் எவளாவது கிடைத்துவிட்டாளா?

மறுநாள் பாதி வியாபாரத்தில் கூடையைப் பக்கத்துக் கடை வியாகுலம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். கையும் களவுமாகப் பிடித்து, நாலு பேர் பார்க்க அவர் மானத்தை வாங்கிவிடுவது என்ற வேகத்தில் போனேன்.

ஆனால் அவர் ஆற்றங்கரையில்தான் இருந்தார். பாலத்தைத் தாண்டி, கரைக்குக் கல் கொட்டியிருக்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் மூங்கில் கழி. முதுகை நிமிர்த்தி, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி அத்தனை கவனமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், அப்படியானால் வலைமீனை எதற்குக் கொண்டுவந்து ஏமாற்றினார் என்று ஆத்திரம்.

அப்போதுதான் தூண்டிலில் மிதவையாகக் கட்டுகிற தக்கையைப் பார்த்தேன். மயிலிறகுக் காம்பில் அவரே செய்தது. நுனியில் எங்கள் மகளின் சிவப்பு நகப்பூச்சைத் தடவியிருப்பார், தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்று. கடல் வற்றத்தில் தண்ணீர் பின்வாங்கியிருந்தது. தக்கை சாம்பல் நிறச் சேற்றில் மல்லாந்து கிடந்தது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

"யோவ்! கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சு? தண்ணி வத்திப்போயி தக்க சேத்துல கெடக்குது. இன்னாத்தய்யா பாத்துகினு கீற?"

சும்மா வாயில் வருகிற பேச்சுதான். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். எனக்கு வலப்பக்கம் இரண்டு ஆள் தூரத்தில் ஒரு கரண்டுக் கம்பம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, "கன்னியா? நீ எங்கமே இங்க?" என்றார்.

ஓசைப்படாமல் இடப்பக்கம் நகர்ந்து நின்றேன். அவர் முகம் கம்பத்தின் பக்கமே இருந்தது.

"யோவ், என்னப் பாரு."

"பாத்துகினுதான கீறேன்."

"நான் இந்தாண்ட கீறேன்யா."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சர்க்கரையில் கண் நரம்பு போய்விட்டதாம். மூட்டு வலி என்றதெல்லாம் பொய்யாம். கூடவே கடலுக்குப் போன தோஸ்து அம்புரோஸ்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். இனி பார்வை திரும்பாது என்று போன வருஷமே சொல்லிவிட்டார்களாம். பாலத்தடியில் வீச்சுவலை போடுகிற அந்த அம்புரோஸ் கொடுத்த மீன்தான் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"இப்ப எவ்ளோ தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது. ஆளுங்க நெழலாட்டம் தெரியறாங்க."

"என் மொகம்?"

"ஆடி வரிக்கும் லேசா தெரிஞ்சிது கன்னி."

அவர் முதுகில் மாறி மாறி அடித்தேன். "பாவி மனுசா, கட்னவகிட்ட சொல்லணும்னு தோணலியா ஒனுக்கு?" என்று வாய்விட்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை.

"சொன்னா நீ என்ன வெளிய வுடமாட்ட. வூட்ல குந்த வெச்சி சோறு போடுவ. கடலும் பூட்ச்சு. எனுக்கு இந்த ஆறு ஒண்ணுதான் மிச்சம் கீது" என்றார்.

அது உண்மைதான். அப்படித்தான் செய்திருப்பேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "ஒண்ணு பண்லாம். நீ தக்கயப் பாத்துச் சொல்லு, நான் இழுக்கறேன். ஒரே ஒரு மீன் மாட்டட்டும். என்னால முடியும்னு நீயே ஒத்துக்குவ. அப்பால என்ன இங்க வரவேணான்னு சொல்லக்கூடாது. இன்னா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? இறால் துண்டைத் தடவியே முள்ளில் கோத்தார். அந்த விரல்களுக்குக் கண் தேவையாக இல்லை. ஆழமான பக்கம் வீசுவதற்காக எழுந்து நின்றார். அவர் இடது கால் பாதி கல்லிலும் பாதி வெறும் காற்றிலும் இருந்தது. கீழே படகு போவதற்குத் தோண்டிய பள்ளம். அது அவருக்குத் தெரியவில்லை. பாசியில் கால் சறுக்கியது, நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வழுக்கும்மே. எனுக்குப் பழக்கந்தான்" என்று சிரித்தார்.

பிடித்த சட்டையை நான் விடவில்லை. தினமும் நான் மார்க்கெட்டில் இருப்பேன், அம்புரோஸ் அவன் வலையைப் பார்ப்பான். நல்ல மழை பெய்து மேலே இருக்கிற ஏரியைத் திறந்துவிட்டால் இந்த ஆறு என்ன வரத்து வரும் என்று எனக்குத் தெரியும். கடலில் நீந்தின மனிதர்தான். கரை எந்தப் பக்கம் என்று தெரியாதவருக்கு நீச்சல் என்னத்துக்கு ஆகும்?

தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் காதைக்கூட என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு நுனி லேசாக நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது.

"ஆடுதா?"

"இல்ல."

தக்கை சாய்ந்தது. சாய்ந்தபடியே சின்ன வட்டம் அடித்தது. பிறகு சடாரென்று உள்ளே போய்விட்டது. தண்ணீருக்கு மேலே ஒன்றுமே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கன்னி, கழி லேசா இழுத்தாப்ல கீதே?"

"காத்துய்யா. அசையவே இல்ல."

அவர் நம்பினார். தக்கை மேலே வந்து பழையபடி நின்றது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, மூக்கை உறிஞ்சினால் தெரிந்துவிடுமே என்று புடவையால் துடைத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, "இன்னிக்கு ஒண்ணும் இல்ல போல" என்று கழியைத் தூக்கினார். தூண்டில் நரம்பு வழியாக விரலை இறக்கி முள்ளைப் பிடித்தார். கட்டைவிரலால் தடவினார். இறால் இல்லை, வெறும் இரும்பு. இன்னொரு முறை தடவினார்.

"நண்டு தின்னுக்கும்" என்றேன்.

"நண்டு தின்னாலும் தக்க ஆடும் கன்னி."

கோபமாகச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் நரம்பைக் கழியில் சுற்றி, யாரையும் தொட விடாத அந்தக் கழியை என் பக்கம் நீட்டினார்.

"வா, வூட்டுக்குப் போலாம்." என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஆற்றுக்குப் போகவில்லை. நான் போகாதே என்று சொல்லவும் இல்லை. நான் செய்தது தப்பு என்று எவராவது சொல்லட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன். என் புருஷன் உயிரோடு இருக்கிறார். ஆனால் நான் எதைச் சொன்னாலும் இப்போது அவர் உடனே நம்புவதில்லை. டீ வைத்திருக்கிறேன் என்றால் தம்ளரைத் தொட்டுப் பார்க்கிறார். நேற்று மழை பெய்கிறது என்றேன். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய், கையை வெளியே நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, பெய்யுது" என்றார்.