பவுசர் வரிசையில் பிறந்த பாட்டு

மதுரங்குளியில் கல்யாணங்களுக்கும் விளையாட்டு விழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிறவன் ஹில்மி. வயது முப்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கடையின் பின்னறையில் மைக்கை வைத்துக்கொண்டு, இணைய வானொலி ஒன்றில் ஒரு மணித்தியாலம் பேசுவான். நிகழ்ச்சிக்குப் பெயர் ‘பாட்டு வந்த வழி’. இலங்கையின் தமிழ்ப் பொப் பாடல்களை யார் எழுதினார்கள், எந்த ஆண்டில் கசெட் வந்தது, எந்தப் பாடகர் எந்தக் குழுவிலிருந்து பிரிந்தார் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பழைய சஞ்சிகைகளைத் தேடி, பேட்டிகளை வெட்டி ஒட்டிப் பதினொரு கொப்பிகள் சேர்த்து வைத்திருந்தான். கட்டாரிலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்டார்கள்.

நாற்பத்திரண்டாவது நிகழ்ச்சியில் ‘குடம் வச்ச பெண்ணே’ பாட்டின் கதையைச் சொன்னான். 1995இல் வந்த பாட்டு. சிலாபத்திலிருந்து கல்பிட்டி வரைக்கும் இன்றும் அது ஒலிக்காமல் ஒரு கல்யாண வீடு முடியாது.

குடம் வச்ச பெண்ணே போகக் கூடாது
போனால் என் மனசும் பின்னால போகும்

பாடியவர் கொழும்பு டட்லி அருமைநாயகம். அவர் கல்பிட்டிக்குக் காரில் போகும்போது, வீதியோரத்தில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்ற ஒரு பெண்ணைக் கண்டார். சிகரெட் பெட்டியின் உட்பக்கத்தில் நாலு வரி எழுதினார். கொழும்புக்குத் திரும்புவதற்குள் மெட்டும் வந்துவிட்டது. எல்லாச் சஞ்சிகைகளிலும் இதே கதைதான். ஹில்மி அதில் கொஞ்சம் கடற்காற்றையும் சேர்த்து உருக்கமாகச் சொன்னான். பாட்டுக்கு முப்பது வயது ஆவதால் டட்லியையே புத்தளத்துக்கு அழைத்து விழா வைக்கப்போவதாகவும், மண்டபம் பிடித்தாகிவிட்டதாகவும் அறிவித்தான்.

மறுநாள் காலை அவனுடைய ஃபோனுக்கு ஒரு பெண்ணின் குரல்பதிவு வந்திருந்தது.

“தம்பி, அந்தக் குடம் என்னோடது. ஆனா நான் றோட்டோரத்துல நிக்கல்ல. வரிசையில நின்டன்.”

அவ்வளவுதான். பெயர் நஸ்லியா என்றும், புத்தளத்தில் உப்புப் பொதி செய்யும் ஒரு கொட்டிலில் மேற்பார்வையாளராக இருப்பதாகவும் அடுத்த செய்தியில் சொல்லியிருந்தாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் கதைக்கலாமாம்.

ஹில்மிக்குச் சிரிப்பு வந்தது. பிரபலமான பாட்டு என்றால் நாலு பேர் சொந்தம் கொண்டாடத்தான் செய்வார்கள் என்று மனைவி ஸஹ்னாவிடம் சொன்னான். போய் ஒருக்கா கேட்டால் வாய் தேய்ந்துவிடாது என்று அவள் சொன்னதால் திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

நஸ்லியாவுக்கு நாற்பத்தேழு வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உப்புப் பைகளின் வாய் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து ஒரு பலகையில் உட்கார்ந்தாள். சுற்றிவளைக்காமல் சொல்லத் தொடங்கினாள்.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பாலாவிப் பக்கம் ஓலைக் கொட்டில்கள் போட்ட முகாம். இருநூறு குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர் பவுசர் லொறி, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். தண்ணீர் எடுப்பது பெண்பிள்ளைகளின் வேலை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விளையாடப் போகிறவளுடைய குடத்தை அடுத்தவள் பின்னுக்குத் தள்ளிவிடுவாள். பிறகு சண்டை. அந்தச் சண்டைக்கு ஒரு சட்டம் போட்டார்கள். சட்டம் மறந்துபோகாமல் இருக்கப் பாட்டாக்கினார்கள்.

“பாடிக் காட்டுறீங்களா ராத்தா?” என்று ஹில்மி கேட்டான்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, பலகையில் தாளம் போட்டபடி மெல்லப் பாடினாள்.

குடத்த வச்சவ போகக் கூடாது
போனவ குடமும் பின்னால போகும்
மாமா மாமா பவுசர் மாமா
பைப்பத் திறங்க சண்ட தீரும்

ஹில்மி எழுதுவதை நிறுத்திவிட்டான். மெட்டு அதேதான். டட்லியின் பாட்டில் மூன்றாவது வரி ‘மானே மானே மயக்கும் மானே’ என்று வரும். நாலாவது வரி ‘கண்ணைத் திறந்தால் கவலை தீரும்’. திறப்பதும் தீர்வதும் அந்த இடத்திலேயே இருந்தன. பைப் கண்ணாகி, சண்டை கவலையாகியிருந்தது.

அதற்குள் அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நிஸ்மியா எழுந்து வந்து, மூன்றாவது வரி அப்படியில்லை என்றாள். அவளும் அதே முகாமில் இருந்தவள். இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். மாமாவா, அண்ணனைச் சொல்லும் நானாவா என்று பெரிய வாக்குவாதம். ஒருத்தி தான் பாடவே இல்லை, குடத்தில் தட்டியது மட்டும்தான் என்றாள். தட்டாவிட்டால் பாட்டே இல்லை என்று மற்றவர்கள் அவளையும் இழுத்து உட்கார வைத்தார்கள். ஹில்மி அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஃபோனில் பதிவு செய்தான்.

அவனுடைய மூளை அப்போதே அடுத்த நிகழ்ச்சியை எழுதத் தொடங்கியிருந்தது. அகதி முகாமின் கண்ணீரில் பிறந்த நாட்டார் பாடல். அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டான்.

நஸ்லியா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.

“கண்ணீர்ல பிறக்கல்ல தம்பி. சண்டையில பிறந்தது. அழுகிறதுக்கு வேற நேரம் இருந்திச்சு, பாடக்குள்ள நாங்க சிரிச்ச. மத்தது, நாட்டார் பாட்டு என்டு போடாதீங்க. அப்பிடிப் போட்டா ஆளுக்குப் பேர் இல்ல என்டு அர்த்தம். எங்களுக்குப் பேர் இரிக்கி.”

ஹில்மி கொப்பியில் எழுதியிருந்த ‘கண்ணீர்’, ‘நாட்டார்’ என்ற இரண்டு சொல்லையும் வெட்டினான். அப்படியென்றால் மெட்டுப் போட்டது யார் என்று கேட்டான். அது தங்களுடையதில்லை என்றாள் நஸ்லியா. பவுசர் ஓட்டிவந்த கிளைட்டன் விசிலடித்துக்கொண்டு வருவானாம். அந்த மெட்டில்தான் சொல்லைப் போட்டார்களாம்.

கிளைட்டனைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. முந்தலில் டயர்க் கடை வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல உயரம். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டே ஹில்மி சொன்னதைக் கேட்டார். ஓம், பவுசர் ஓட்டினது தான்தான் என்றார். சனி ஞாயிறுகளில் சிலாபம் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு குழுவோடு கிட்டார் வாசித்ததும் உண்மை. அந்தப் பாட்டை அங்கே கொண்டுபோய் முதலில் வாசித்ததும் அவர்தான். சிங்களத்தில் ஒரு சொல், தமிழில் ஒரு சொல்லாகப் பாடினால் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் சேர்ந்து ஆடுமாம். குழுவின் கசெட் ஒன்று கொழும்புக்குப் போனது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

“ஆனா மல்லி,” என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொன்னார், “மெட்டு என்னோடது இல்ல. அந்தப் பிள்ளைகள்கிட்ட கேட்டுத்தான் நான் படிச்சேன்.”

ஹில்மி அங்கேயே நின்று நஸ்லியாவை அழைத்து, ஃபோனைக் கிளைட்டனுக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். முப்பத்துமூன்று வருடங்களுக்குப் பிறகு இருவரும் கதைக்கிறார்கள். சுகம் விசாரித்து முடிந்ததும் மெட்டை ஆளுக்காள் மற்றவர் தலையில் கட்டத் தொடங்கினார்கள். நீங்கள்தானே விசிலடித்தீர்கள் என்று நஸ்லியா விடவில்லை. கிளைட்டன் யோசித்து, தான் அப்போது அடித்த விசிலை மறுபடி அடித்துக் காட்டினார். அது வேறொரு துள்ளல் பைலா மெட்டு. பாதியில்தான் கொஞ்சம் இந்தப் பாட்டின் சாயல் வந்தது.

“இதைத்தான் நான் அடிச்சேன். நீங்க பிழையாப் பாடினீங்க. அந்தப் பிழைதான் நல்லா இருந்திச்சு” என்றார் கிளைட்டன்.

மறுமுனையில் நஸ்லியா நெடுநேரம் சிரித்தாள். டயர் மாற்ற வந்த லொறிக்காரரும் சிரித்தார்.

விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சுவரொட்டிகளில் ‘குடத்துப் பாட்டைப் படைத்த கலைஞர்’ என்று அடித்து ஒட்டியாகிவிட்டது. டட்லிக்கு எப்படிச் சொல்வதென்று ஹில்மிக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அவன் மதித்த மனிதர். சொல்லாமல் மேடையில் ஏற்றிவிட்டால் அது அதைவிடக் கேவலம் என்றும் பட்டது. கடைசியில் ஸஹ்னாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினான். நடந்ததை ஒழுங்காகச் சொல்லி, கொட்டிலில் பதிவு செய்ததையும் போட்டுக் காட்டினான்.

டட்லி இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“தம்பி, அந்த மெட்டு எங்க கீபோர்ட்காரன் கொண்டுவந்த ஒரு கல்யாணக் கசெட்டுல இருந்துச்சு. யாருதுன்னு அவனுக்கும் தெரியாது. நான் சொல்ல மாத்திப் பாடினேன். பாட்டு ஓடினதும் ஒரு சஞ்சிகைக்காரர் வந்து எப்படிப் பிறந்துச்சுன்னு கேட்டார். பிறந்த கதை ஒண்ணு இருக்கணும்னு அவருக்கு ஆசை. நானும் ஒண்ணு சொன்னேன். முப்பது வருஷமா சொல்லிச் சொல்லி, அந்தப் பொண்ணோட முகம்கூட எனக்கு ஞாபகம் இருக்கு. அப்படி ஒருத்தி இல்லவே இல்ல.”

அவருடைய குரலில் வெட்கம் இருந்தது. ஆனால் விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருநாள் முந்தியே வருகிறேன், அந்த ஆட்களைப் பார்க்க வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை பகல் டட்லி உப்புக் கொட்டிலுக்கு வந்தார். அறுபத்தாறு வயதிலும் தலைமயிருக்குக் கறுப்புச் சாயம், மடிப்புக் கலையாத சேர்ட். கிளைட்டன் தன் கிட்டாரோடு முந்தலிலிருந்து வந்திருந்தார். பெண்கள் வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். டட்லி மன்னிப்புக் கேட்கும் முறையில் ஏதோ தயாரித்து வந்திருந்தார். எழுந்து நின்று இரண்டு வசனம் சொல்வதற்குள், முதலில் சாப்பிடச் சொன்னாள் நஸ்லியா. சாப்பாட்டுக்கு வரிசை இருந்தது. விருந்தாளி என்று அவரை முன்னுக்கு விட யாரும் முயலவில்லை. அவர் போய்க் கடைசியில் நின்றார்.

சாப்பிட்டபின் அவரைப் பாடச் சொன்னார்கள். தன் பாட்டை அவர் முழுதாகப் பாடினார். குரல் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. ‘மயக்கும் மானே’ வந்ததும் நிஸ்மியாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த வரிசையில் நின்ற யாரும் யாரையும் மயக்கவில்லை, அடிக்கத்தான் ஓடினார்கள் என்றாள். டட்லியும் சிரித்துவிட்டார். சிரித்தபின் அவர் ஆள் வேறு மாதிரி ஆனார். முதல் வரியை அவர்கள் எந்த வேகத்தில் பாடினார்கள் என்று கேட்டார், குடத்தில் தட்டியவளைத் தட்டிக் காட்டச் சொன்னார், கிளைட்டனின் கிட்டாரை வாங்கி அந்தத் தாளத்துக்கு வாசித்துப் பார்த்தார். உண்மையான ஓட்டம் இதுதான், நான்தான் அதை இழுத்து இழுத்துக் கெடுத்துவிட்டேன் என்றார். கெடவில்லை, தன் கல்யாணத்தில் அவருடைய பாட்டுத்தான் போட்டார்கள் என்றாள் நஸ்லியா. அப்போது போட்டதை நிறுத்தி, சரியான சொல்லைச் சொல்லலாமா என்று மணப்பெண்ணாக உட்கார்ந்து யோசித்தாளாம். உம்மா முறைத்ததால் விட்டுவிட்டாளாம்.

மேடையில் ஏறிப் பாடுவார்களா என்று ஹில்மி தயங்கிக் கேட்டான். மேடை வேண்டாம், பெயர் மட்டும் பிழையில்லாமல் வரவேண்டும் என்றார்கள். ஒரு தாளில் பதினான்கு பெயர் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பேர் மன்னாருக்குத் திரும்பிவிட்டவர்கள், ஒருத்தி இலண்டனில், ஒருத்தி மௌத்தாகிவிட்டாள். அவளுடைய பெயரை முதலாவதாக எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்தது. ‘படைத்த கலைஞர்’ என்ற சொல்லின் மேல் ஹில்மி வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தான். டட்லி பாடுவதற்கு முன்னால், சிகரெட் பெட்டிக் கதை பொய் என்று தானே சொன்னார். சபையில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் இருந்த ஒருவர், கொழும்பு மேடைகளில் வளர்ந்ததுதான் பொப் இசை, பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டை அதோடு சேர்ப்பது சரியில்லை என்று எழுந்து சொன்னார். டட்லி கோபப்படவில்லை. அந்த மேடைகளில் நின்றவன் தான்தான் என்றும், அங்கே தாங்கள் வாசித்ததில் பாதி இந்த வீதியால் வந்தது என்றும் சொல்லி, தாளை எடுத்துப் பதினான்கு பெயர்களையும் வாசித்தார். பிறகு கிளைட்டனை மேடைக்கு அழைத்தார். கொட்டிலில் பதிவு செய்த பெண்களின் குரல் ஒலிபெருக்கியில் முதலில் வந்தது. இருவரும் அதன்மேல் வாசிக்கத் தொடங்கியதும் மண்டபமே தாளம் தட்டியது. பெண்கள் பக்கத்து மூன்றாவது வரிசையில் ‘மாமா’ என்று ஒரு பகுதியும் ‘நானா’ என்று மறுபகுதியும் உரத்துப் பாடின. ஹில்மி ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் நின்றபடி எதையும் கூட்டவோ குறைக்கவோ மறந்துபோனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் தன் நாற்பத்திரண்டாவது நிகழ்ச்சி பிழை என்று அறிவித்து, கதையை மறுபடி சொன்னான். செய்திகள் வந்து குவிந்தன. அவற்றில் நாலைந்து அப்பட்டமான புளுகு. ஒன்று மட்டும் அவனை விடவில்லை. இன்னொரு பிரபலமான பாட்டின் மெட்டு, கல்பிட்டியில் தாங்கள் வலை இழுத்தபோது பாடியது என்று அத்தாஉல்லா என்ற மீன் வியாபாரி சொல்லியிருந்தார். ஹில்மி போவதென்று முடிவெடுத்ததும் நஸ்லியா தானும் வருவதாகச் சொன்னாள். இவன் தனியே போனால் மறுபடியும் கடற்காற்றைச் சேர்த்துவிடுவான் என்பது அவளுடைய பயம். ஸஹ்னாவும் கிளம்பினாள்.

ஞாயிறு காலை வான் வண்டியில் போகும்போது, ஹில்மி எழுதி வைத்திருந்த கேள்விகளை நஸ்லியா வாங்கிப் பார்த்தாள்.

“‘இந்தப் பாட்ட ஆர் ஆக்கினது’ என்டு முதல்ல கேக்காதீங்க தம்பி. அந்த நேரம் பக்கத்துல ஆரெல்லாம் இருந்த என்டு கேளுங்க.”

கல்பிட்டியில் ஹில்மி அப்படியே கேட்டான். அத்தாஉல்லா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஏழாவது ஆளோடு நின்று யோசித்தார். பிறகு உள்ளே திரும்பி, மிச்சப் பேரைச் சொல்லும்படி மனைவியைக் கூப்பிட்டார்.