வாய்தாப் பொண்ணு

சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற அந்தப் பெண்ணுக்குத் தெருவில் ‘வாய்தா’ என்று பட்டப்பெயர். புண்ணியம் அவளுடைய சீனியர் வக்கீலுக்கே. கறுப்புக் கோட்டுப் போட அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்ல வாய் ஒன்று இருந்தால் போதும் என்பது அந்த மனுஷனின் சொந்தச் சட்டம். தினமும் கல்லூரி முடிந்ததும் கோர்ட்டில் போய் நிற்பாள். வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து, “சீனியர் வேற கோர்ட்ல இருக்கார், வேற தேதி வேணும்” என்பாள். சீனியர் கேன்டீனில் இருப்பார். ஜட்ஜுக்கும் தெரியும்.

இந்தக் கால்கடுப்பிலிருந்து தப்ப ஒரே வழி, வெளிநாட்டு வக்கீல் ஆபீஸ் ஒன்றில் ஆறு மாச வேலை. அங்கிருந்து ஒரு மாணவர் இங்கே வர, இங்கிருந்து ஒருத்தர் அங்கே போகிற ஏற்பாடு. கடைசிச் சுற்றுக்கு இவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா சும்மா இருப்பாளா? கூரியர்காரர் வரைக்கும் சொல்லியாச்சு.

நேர்காணல் கம்ப்யூட்டரில். அன்றும் கோர்ட்டில் நின்றுவிட்டு, பாதித் தூக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள், “கட்சிக்காரர் உங்ககிட்டயே பொய் சொன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

பழகிய கால் தானாக எழுந்தது. பழகிய வாயும் திறந்தது. “சீனியர் வேற கோர்ட்ல இருக்கார், வேற தேதி வேணும்.”

காமிராவில் தெரிந்தது ஒரு சட்டைப் பொத்தான் மட்டும். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “சரி, வர்ற வியாழக்கிழமை” என்றாள்.

“கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்றாள் அம்மா. “வாயே தட்டிவிட்டதை இப்பத்தான்டி பாக்கறேன்.”

சீனியரிடம் லீவு கேட்கப் போனாள். “வியாழனா? அன்னிக்கு அந்த நிலத் தகராறு வருதேம்மா. ஒரு வாய்தா கேட்டுட்டு ஓடிடு.”

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. “சார், அன்னிக்கு நான் வேற கோர்ட்ல இருக்கேன்.”

காலமெல்லாம் அடுத்தவர் வாயில் சொல்லியனுப்பிய வசனம் தன் காதிலேயே விழுந்ததும், சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். “சரி, போ” என்றார்.

வியாழக்கிழமை அம்மா அவள் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். அதே அம்மாள், அதே கேள்வி.

“கோவிச்சுக்க மாட்டேன்” என்றாள் பெண். “உட்கார வெச்சு, மறுபடி முதல்லேருந்து கேப்பேன். எங்க கோர்ட்ல கட்சிக்காரங்களை யாரும் உட்கார வெச்சுக் கேக்கறதில்லை.”

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் எதையோ எழுதினாள். பிறகு நிமிர்ந்து, “எப்போ வந்து சேர முடியும்?” என்றாள்.

கால் எழப் பார்த்தது. துண்டு விடவில்லை.

“நாளைக்கே” என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே கொட்டாவி வந்துவிட்டது.