பகிர்வேன், எனக்கே

1

இந்தக் கதை என் நாத்தனாரிடமிருந்து வந்தது. அவள் முதுகலைப் பொருளாதாரம் கற்பிக்கிறவள். ஒரு சனிக்கிழமை மதியம் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அண்ணி, இன்னிக்கு என் வகுப்புல நடந்த கூத்தைக் கேளுங்க" என்று புலம்ப ஆரம்பித்தாள். அவளுக்குப் புலம்பல், எனக்குக் கதை.

முதல் வரிதான் சிக்கவில்லை.

"விவாகரத்தான இருவர் ஒரே வகுப்பில்..." (கிசுகிசு போல இருக்கிறது.)

"மனிதன் பகுத்தறிவோடு முடிவெடுப்பவன் என்று பொருளாதாரம்..." (எனக்கே கொட்டாவி வருகிறது.)

போகட்டும், நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

நாத்தனாரின் மாணவி ஒருத்தி, இன்சூரன்ஸ் ஆபீஸில் இழப்பீடு கேட்டு வருபவர்களின் பொய்யைக் கண்டுபிடிக்கிறவள். பதவி உயர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்றார்கள். வாரக்கடைசி வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் முன்னாள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

[இதை யார் நம்புவார்கள் என்று நாத்தனாரிடம் சண்டை போட்டேன். "வேலைக்குப் போறவங்க சேர இந்த ஊர்ல வேற காலேஜ் எங்க இருக்கு?" என்று வாயை அடைத்துவிட்டாள்.]

அவர் கெட்டவர் இல்லை. எதையும் முடிவு செய்ய மாட்டார், அவ்வளவுதான். சுவருக்கு என்ன நிறம், எந்த டாக்டர், குழந்தை இப்போதா அப்புறமா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "உனக்கு எது சரின்னு படுதோ செய்." நல்லது நடந்தால் இருவருக்கும், கெட்டது நடந்தால் அவள் தலையில். விவாகரத்துப் பேச்சு வந்தபோதும் அவர் அதையேதான் சொன்னார்.

வகுப்பில் இருவரும் "வாங்க", "போங்க" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் போலப் பேசிக்கொண்டார்கள்.

3

அன்றும் பாடம் விளையாட்டுக் கோட்பாடுதான். நாத்தனார் மாணவர்களைக் குலுக்கல் முறையில் ஜோடி சேர்த்தாள். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் சீட்டில் 'பகிர்வேன்' அல்லது 'எனக்கே' என்று எழுத வேண்டும். இருவரும் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து மதிப்பெண். ஒருவர் பகிர, மற்றவர் 'எனக்கே' என்றால் பிடுங்கியவருக்கு எட்டு, பகிர்ந்தவருக்கு முட்டை. இருவருமே 'எனக்கே' என்றால் ஆளுக்கு ஒன்று. எல்லாம் நிஜ மதிப்பெண்.

வேலை நெருக்கடியில் ஒரு தேர்வைத் தவறவிட்டிருந்ததால், இன்சூரன்ஸ்காரி அந்தத் தாளில் தேறுவதே இழுபறி. ஐந்து கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள்.

குலுக்கலில் அவளுக்கு யார் ஜோடி என்று நான் சொல்ல வேண்டுமா என்ன?

எதிராளி எதை எழுதினாலும் 'எனக்கே'தான் லாபம். பொருளாதாரம் படித்த எவரும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எழுதுவார்கள். அவளுக்கும் தெரியும். போன வாரம் பின்வரிசைக்காரர்களுக்கு அதைப் பலகையில் போட்டு விளக்கியவளே அவள்தான். ஆனாலும் 'பகிர்வேன்' என்று எழுதி, மடித்துக் கொடுத்தாள்.

ஏன்?

அவளுக்கு இன்னும் அவர்மேல்... (வேண்டாம், நாத்தனார் சிரிப்பாள்.)

பெருந்தன்மை என்பது... (அடித்துவிட்டேன்.)

எனக்குத் தோன்றுவது இதுதான். மறுக்கவே தெரியாத ஆளிடமிருந்து பிடுங்குவது அவளுக்குக் கேவலமாக இருந்தது.

4

நாத்தனார் முதலில் அவர் சீட்டைப் பிரித்தாள். அதில், 'அவங்க எழுதினதே எனக்கும்.'

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இன்சூரன்ஸ்காரிக்குக் காது மடல் சுட்டது.

"சார், இப்படி ஒரு விடையே கிடையாது," என்றாள் நாத்தனார். "ரெண்டுல ஒண்ணு. இப்பவே, வாயால சொல்லுங்க."

அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் ஜாடை காட்டியாயிற்று, இனி முடியாது.

"எனக்கே," என்றார்.

அவள் சீட்டு பிரிந்தது. 'ஐயையோ' என்று யாரோ கத்தினார்கள். அவருக்கு எட்டு, அவளுக்கு முட்டை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க, மூச்சு முட்டச் சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

[அழுதாள் என்று எழுதிப் பார்த்தேன். கதை உடனே கௌரவமாகிவிட்டது. நடந்தது சிரிப்புதான்.]

5

அந்தத் தாளில் அவள் தேறவில்லை. அடுத்த பருவத்தில் மறுபடி எழுதிப் பாஸானாள். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. இதெல்லாம் நாத்தனார் உறுதியாகச் சொன்னவை.

எனக்கு முழுதாகத் தெரியாதது அன்று வகுப்பு முடிந்து நடந்தது. வராந்தாவில், நாத்தனார் காதில் விழும்படியே, அவர் அவளிடம், "கோவமா உனக்கு?" என்றார். 'நீங்க' எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"அதை விடுங்க. எப்படி முடிவு பண்ணீங்க?"

"நீ பலகையில சொல்லிக் குடுத்தியே, அதை வெச்சுத்தான். நான் கவனிச்சுட்டுதான் இருந்தேன்."

அவர் லிஃப்டுக்குள் போய், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மாடிப்படியில் ஒரு கால் வைத்திருந்தாள். சரியாக அந்த நேரத்தில் ஒரு மாணவன் சந்தேகம் கேட்க, நாத்தனார் திரும்பிவிட்டாள். மறுபடி பார்த்தபோது இருவரையும் காணோம்.

நான் அவளை லிஃப்டில் ஏற்றியும் எழுதிப் பார்த்தேன், படியில் இறக்கியும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாகத்தான் வருகிறது. நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் சட்டென்று சொல்லுங்கள். லிஃப்ட் கதவு இரைய ஆரம்பித்துவிட்டது, மனிதருக்குக் கை வலிக்கும்.