முட்டுவீட்டில் மூன்று நாள்

மாயக்காளுக்குப் பதினாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. வயிற்றில் நாலு மாதம். இது அவளுக்கும் அவள் தாய் முத்துத்தாய்க்கும் மட்டுந்தான் தெரியும். இதற்குக் காரணமாகிவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிய பேயாண்டிக்குக்கூடத் தெரியாது. அவன் பாட்டுக்குப் போய்விட்டான், மகராசன்!

மதுரைக்கு மேற்கே அந்த ஊரில், வீட்டுக்குத் தூரமான பெண்கள் ஊருக்கு வெளியே முட்டுவீட்டில் மூன்று நாள் இருந்தாக வேண்டும். எவள் வரவில்லை என்று ஊரே கவனிக்கும். அதனால் முத்துத்தாய் மாதம் தவறாமல் மகளை அங்கே அனுப்பிவைத்தாள்.

"மூஞ்சியச் சாதாரணமா வச்சுக்கடி. ஒங்கய்யாவுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுருவாரு."

இதுவரை கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பித்தாள். இந்த மாதம் உள்ளே நுழைந்தால், ஒச்சாயி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். மாயக்காள் வாசலிலேயே நின்றுவிட்டாள். போன வருஷம் அழகம்மாளின் வயிற்றைக் கண்டுபிடித்து, ஊருணிக்கரையில் நின்று ஊரைக் கூட்டியவள் இந்த ஒச்சாயிதான். மறுநாள் அழகம்மாளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். அதுவும் சின்னப் பிள்ளைதானே, பாவம்!

இரண்டு நாளாக ஒச்சாயி ஊர்வம்பு ஒன்று விடாமல் பேசினாள். கண் மட்டும் இவள் மேலேயே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் துணி அலச வாய்க்காலுக்குப் போனார்கள். மாயக்காள் பயத்தில் வெறுந்துணியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். தண்ணீர் தெளிவாகவே ஓடியது.

"எத்தனை மாசம்டி?" என்றாள் ஒச்சாயி.

மாயக்காள் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "அத்தே, சொல்லிராதீக! எங்கய்யா கொன்னுருவாரு!"

"சத்தம் போடாத." ஒச்சாயி தன் துணியைத் தூக்கிக் காட்டினாள். அதிலும் கறையில்லை. "எனக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சு. அம்புட்டு வேலையவும் விட்டுட்டு ஒடம்பச் சாய்க்க எனக்கு வேற எடம் ஏது? அதான் வாரேன்."

மாயக்காளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப வெளிய சொல்ல மாட்டீகளா?"

"மாட்டேன். அழகம்மா கெணத்துல விழுவான்னு நான் நெனைக்கலடி. அன்னையிலருந்து எனக்கு ஒறக்கமே இல்ல."

"இன்னும் ஒரு மாசம் மறைக்கலாம் அத்தே. அதுக்கப்புறம் நான் என்ன செய்ய?"

ஊரில் யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் ஒச்சாயி, கறையில்லாத தன் துணியை மறுபடியும் தண்ணீரில் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள்.   மூன்று நாளாகப் பட்ட பயமெல்லாம் இனி வரப்போவதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று மாயக்காளுக்கு அப்போதுதான் தெரிந்தது.