வீரராகவனுக்கு வந்த மாலைகள்

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை மடக்காதீர்கள். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளெக்ஸ் பேனர் கடையில் எனக்கு டிசைனர் வேலை. காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கைவண்ணம்.

'அந்த அதிகாலைப் பனியில் ஓர் அநாதைப் பிணம்...' என்று கதையைத் தொடங்கி, கோடு போட்டு அடித்துவிட்டேன். பூந்தமல்லியில் ஏது பனி? தவிர, அநாதை என்று எழுதினால் கையூம் பாய் சண்டைக்கு வருவார்.

2

அப்துல் கையூம் பாய் மெத்தை தைப்பவர். கேட்பாரற்று இறந்தவர்களைப் போலீஸ் கடிதத்தோடு வாங்கி அடக்கம் செய்வது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. (ரொம்ப நல்லவராக எழுதினால் நம்பமாட்டீர்கள். டீக்கடையில் யாரையும் பேசவிடமாட்டார், போதுமா?) அவர், பூக்காரி பஞ்சவர்ணம், குழி வெட்டுபவர், ஒரு காவலர். எப்போதும் இந்த நாலு பேர்தான். ஒரு தடவையாவது கூட்டம் சேர வேண்டும் என்பது பாயின் ஆசை.

போன மாதம், பேருந்து நிலையத்திலேயே வாழ்ந்த பெரியவர் இறந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. ஊரைக் கூட்டிவிடுவது என்று பாய் பேனர் போடச் சொன்னார். போலீஸ் எடுத்த படத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

"செத்த மூஞ்சி வாணாம்மா. உசுரோட சிரிச்சிகினு கீற மூஞ்சியப் போடு."

அப்படி ஒரே படம்தான் கிடைத்தது: ஷேர் ஆட்டோ வீரராகவனின் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் அவரும் பெரியவரும். ஒருவர் புதுச்சட்டை, சீவிய தலை. இன்னொருவர் கசங்கிய சட்டை, நாலு நாள் தாடி. நான் தாடிக்காரரை வெட்டி எடுத்தேன். 'பஸ் ஸ்டாண்டின் அன்பு அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி. அடக்கம் நாளை காலை பத்து மணி' என்று அச்சடித்து, பாயிடம் காட்டாமலே மாட்டச் சொல்லிவிட்டேன்.

தாடி வீரராகவனுடையது. புதுச்சட்டை, அவர் பெரியவருக்கு வாங்கிக் கொடுத்தது.

3

[இங்கே என்னை நானே நியாயப்படுத்தும் பத்தி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன்.]

மூன்று வருடமாகப் பெரியவரைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போனேன். ஒருநாளும் முகத்தைப் பார்க்கவில்லை. வீரராகவனையும் அதுவரை பெயரளவில்தான் தெரியும். எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

4

மறுநாள் எட்டு மணிக்கு வீரராகவன் வீட்டு வாசலில் கூட்டம். ஆட்டோக்காரர்கள், தெருக்காரர்கள், திருவேற்காட்டிலிருந்து வேனில் மச்சான் குடும்பம். எல்லார் கையிலும் மாலை. போனை அணைத்துவிட்டுத் தூங்குகிற மனிதர், பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். மச்சான் மயங்கி விழுந்தார். (மிகை. மாலையோடு படியில் உட்கார்ந்துவிட்டார்.)

விஷயம் புரிந்து சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பப் பார்த்தார்கள். சவாரி இருக்கிறது, அடக்கத்துக்கு வர முடியாது என்று முந்தின நாள் பாயிடம் சொல்லியிருந்த வீரராகவன்தான் வழிமறித்தார்.

"எனக்குன்னா வருவீங்க, அவருக்குன்னா வரமாட்டீங்களா? ஏறுங்க வண்டியில. மாலைய அவருக்குப் போடுங்க."

நாற்பத்தேழு பேர் போனோம். பாய் துஆ ஓதினார், பஞ்சவர்ணம் கற்பூரம் ஏற்றினாள். பெரியவரின் மதம் எதுவென்று தெரியாததால் இரண்டும். முகம் தெரியாத அளவுக்கு மாலை. பாய் திரும்பத் திரும்பத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

5

முடிவு அ: நெல்லூரிலிருந்து மகன் தேடி வந்து குழிமேட்டில்... (யாரும் வரவில்லை.)

முடிவு ஆ: அன்றுமுதல் ஊரே திருந்தியது. (அடுத்த அடக்கத்துக்கு அந்தக் கூட்டத்திலிருந்து வந்தது இரண்டு பேர். வீரராகவனும் நானும்.)

முடிவு இ: இதை எழுத உட்கார்ந்தபோது பாய் கூப்பிட்டார். திருமழிசை பஸ் நிறுத்தத்தில் இருந்த ஓர் அம்மா. மூன்று மணிக்கு அடக்கம்.

"ஆறு பேர் கீறோம்மா. ஏழாவது ஆளு யாருன்னு நீயே சொல்லு."

என்ன சொல்வது? இதுவரை படித்திருப்பது நீங்கள்தான். கடையைப் பூட்டிவிட்டேன், மணி இரண்டேகால். வீரராகவன் வண்டியைக் கிளப்பாமல் நிற்கிறார். என் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.