மூன்றாம் பாகத்துக்கு மூன்று டிக்கெட்

கணவனின் கைப்பேசியில் கடைசி எண்ணை அழுத்தினாள் லோகேஸ்வரி. பூட்டு திறந்துகொண்டது. பவனேஷ் கழிப்பறைக்குள் இப்போதுதான் நுழைந்திருந்தான். வெளியே வருவதற்குள் பார்த்துவிட வேண்டும். சோளப்பொரி வரிசையில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். இரும்பு முகமூடி மாட்டிய பையன் ஒருவன் அவள் முழங்காலில் வந்து இடித்தான். அவள் தலை நிமிரவில்லை. டிக்கெட் செயலியைத் தொட்டாள்.

இரண்டு இருக்கைகள், அருகருகே. சரி. அதற்குக் கீழே இன்னொரு பதிவு. அதே படம், அதே மாலைக் காட்சி, ஒற்றை இருக்கை. பவனேஷின் இருக்கைக்கு நேர் பின்னால்.

இந்தக் கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் எண் அவளுடைய பிறந்த நாள். பெண்டாட்டி பிறந்த நாளைப் பூட்டாகப் போட்டு, உள்ளே இன்னொருத்திக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். திருடனுக்குக்கூட இத்தனை துணிச்சல் வராது.

"என்னா லோகா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றான் பவனேஷ். கைப்பேசி அவள் கைப்பைக்குள் போய்விட்டிருந்தது.

"ஒண்ணுமில்ல. பசி."

"வா வா. இரும்பனுங்க கெளம்பிட்டானுங்க." தோள் இரண்டையும் விறைத்து, தொண்டைக்குள் 'கடகடகட' என்று ஓசை எழுப்பி, லோரி ஒன்று மனிதனாக எழுந்து நிற்பதை நடித்துக் காட்டினான். இரும்பு முகமூடிப் பையன் கை தட்டினான். மற்ற நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திறங்கி, லோரியாகவும் பளு தூக்கியாகவும் உருமாறி ஒளிந்து வாழும் இயந்திரங்களின் கதை அது. மொத்தம் மூன்று பாகம். வாய்க்குள் நுழையாத ஆங்கிலப் பெயர் இருந்தாலும் இருவருக்குமிடையே அது 'இரும்பனுங்க படம்'தான். முதல் பாகம், அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வாரம் வெளியானது. புது மாப்பிள்ளையும் பொண்ணும் கோயிலுக்குப் போவார்கள். இவர்கள் ரவாங் நகரத் திரையரங்குக்கு வந்து இரும்பர்களைப் பார்த்தார்கள். கோயிலுக்குப் போக வழியில்லை. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்த அவள் அப்பா செல்லன், வேறு சாதிக்காரனோடு மகள் போய்விட்டாள் என்று கேட்டதும், முனியாண்டி முன்னால் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். "இனி அவ மொகத்துல முழிக்க மாட்டேன்." சூடம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பமே விளங்காது என்பது தோட்டத்துப் பேச்சு. அம்மா போன பிறகு தனியாளாகத் தலை வாரிப் பின்னிவிட்டு வளர்த்த மனுஷன். அதன் பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓயும். தீபாவளிக்கு வாசல் வரை போனாள். கதவுக்குப் பின்னால் இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

அப்படிப்பட்ட அப்பாவைக் கொடுத்துத்தான் இந்தப் பவனேஷை வாங்கியிருக்கிறாள். அதனால்தான் வலி இரட்டிப்பாக இருந்தது.

யார் அவள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நித்தியா. புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் பவனேஷ் வேலை செய்யும் பிரிவுக்குப் புதிதாக வந்த சுப்பவைசர். கம்பெனி விருந்தில் மெனக்கெட்டு இவளைத் தேடி வந்து சொன்னாள்: "அண்ணி, உங்க வீட்டுக்காரரு இரும்பன் மாதிரி நடிச்சுக் காட்டுனாரு, நாங்கலாம் சிரிச்சே செத்தோம் லா!" அன்றைக்கு லோகேஸ்வரி பல்லைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டில் உப்பு போட மறந்தாள். அந்த 'கடகடகட' அவளுக்காகப் பிறந்தது. பேருந்து நிறுத்தத்தில் அவள் அழுதுகொண்டிருந்த ஒரு நாள், அழுகையை நிறுத்த அவன் கண்டுபிடித்த வித்தை. அதைப் போய் கண்டவளுக்கெல்லாம் காட்டியிருக்கிறான்.

அரங்குக்குள் குளிர் ஊசியாகக் குத்தியது. பின்வரிசை இருக்கை காலியாகத்தான் இருந்தது.

"நான் உன் சீட்டுல உக்கார்றேன். நீ இங்க வா" என்றாள்.

பவனேஷ் திடுக்கிட்டான். "வேணாம் வேணாம். அங்க... முன்னாடி உயரமான ஆளு. மறைக்கும்."

அவனுக்கு முன்னால் ஆறு வயதுக் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது.

விளக்கு அணைந்தது. திரையில் கறுத்த வானம் கிழிந்து முதல் இரும்பன் நெருப்பாக விழுந்தபோது, பின்னால் யாரோ குனிந்தபடி வந்து அமர்வதை முதுகாலேயே பார்த்தாள். இருக்கை முனகியது. லோகேஸ்வரி வளையல் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். கேட்கவில்லை. கெட்டிக்காரி, கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

திரையில் நகரம் ஒன்று நொறுங்கிக்கொண்டிருந்தது. பவனேஷின் கை மெல்ல உயர்ந்து, சோளப்பொரி டப்பா தோளுக்கு மேலாகப் பின்னால் போயிற்று. கை வெறுமையாகத் திரும்பி வந்தது. பின்னால் கறுக், கறுக்.

அவளுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. முதல் பாகத்தில், சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "பின்னாடி யாரோ கால வைக்கிறாங்க" என்றான். இரண்டாம் பாகத்தில் அடிக்கடி திரும்பினான். கழுத்து வலி என்றான். அப்போது நித்தியா வேலைக்கே சேரவில்லையே என்று புத்தி குறுக்கே வந்தது. பொறாமைக்குக் கணக்கு வராது. நித்தியா இல்லாவிட்டால் அதற்கு முன்னால் ஒருத்தி. அவ்வளவுதான்.

குட்டி இரும்பன் ஒன்று தலைவனின் நடையைப் பழகப் போய், கால் தடுக்கிக் கோழிக் கூண்டுக்குள் விழுந்தது. கோபத்தையும் மீறி லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்த கையோடு பின்னாலும் ஒரு சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு. சற்று நேரம் கழித்து மறுபடி சிரித்தாள். மறுபடியும் அதே அமுங்கிய சிரிப்பு. சோதிக்க நினைத்தாள். சிரிக்க ஒன்றுமில்லாத இடத்தில் வேண்டுமென்றே சிரித்தாள். பின்னால் உடனே பதில் வந்தது.

படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைக் கேட்டுச் சிரிக்கிறாள். புருஷன் போதாதென்று என் சிரிப்பையும் எடுத்துக்கொள்கிறாளா? லோகேஸ்வரியின் காதோரம் சுட்டது. இருட்டில் திரும்பினால் முகம் தெரியாது. வெளிச்சம் வேண்டும். காத்திருந்தாள். முகம் தெரிந்ததும் ஓர் அறை. அறைக்குப் பிறகு என்ன என்று அவள் யோசிக்கவில்லை. போவதற்குத்தான் வீடு எதுவும் மிச்சமில்லையே.

கடைசிப் போர் வந்தது. இரும்பர் தலைவன் தன் நெஞ்சைத் திறந்து, உள்ளே எரிந்த சூரியனைப் பிடுங்கி எதிரியின் மேல் எறிந்தான். திரை முழுதும் வெள்ளையானது. அரங்கமே நடுப்பகல் போலப் பளீரென்றது.

கையை ஓங்கியபடி திரும்பினாள்.

நித்தியா இல்லை. பெண்ணே இல்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் சோளப்பொரி டப்பா. நரைத்த மீசையில் ஒட்டிக்கொண்டிருந்த பொரி. அவளுடைய அப்பா, இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி போட வந்த மருத்துவரிடம் முகத்தைச் சுளிக்கும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"மாப்ளே," கண்ணைத் திறக்காமலே அவர் கிசுகிசுத்தார். "புள்ள திரும்பிக்கிச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

அந்த 'மாப்ளே' அவளை நெஞ்சில் மிதித்தது. நித்தியா மேல் இருந்த எரிச்சலெல்லாம் அதன் முன்னால் தூசு. எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்! ஒரு 'ஹலோ' கிடைத்ததில்லை. பெற்ற மகளுக்குக் கதவுக்குப் பின்னால் இருமல்; யாரோ பெற்ற மகனுக்கு 'மாப்ளே'. சோளப்பொரியைப் பங்கு போட்டுத் தின்கிறார்கள். அவளுக்குத் தெரியாமல் இரண்டு பேருக்கும் ஒரு உறவு ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவள்தான் வெளியாள்.

திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கின. வழக்கமாக இந்நேரம் அவர் எழுந்து போயிருக்க வேண்டும் போல. பவனேஷ் வாசலையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் எழவில்லை. மூடிய இமைகளின் மேல் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது.

"மாப்ளே, இதோட கதை முடிஞ்சிருச்சாமே? நாலாவது கெடயாதாமே?"

லோகேஸ்வரி பவனேஷின் சட்டையைப் பிடித்தாள். பார்வை மட்டும் அப்பாவின் முகத்தை விட்டு விலகவில்லை.

"எத்தன நாளா நடக்குது இது?"

"மொத பாகத்துல இருந்தே."

"நீ கூட்டியாந்தியா?"

"நான் எங்க கூட்டியாறது?" அவன் குரலைத் தாழ்த்தினான். "அன்னிக்கு என்னைய வெட்டத்தான் வந்தாரு லோகா. பாராங் கத்தியச் சட்டைக்குள்ள சொருவிக்கிட்டு, நமக்குப் பின்னாலயே டிக்கெட் எடுத்து உக்காந்திருக்காரு. எனக்குச் சத்தியமா தெரியாது. அந்தப் படத்துல ஒரு குட்டி இரும்பன் சாக்கடையில விழுந்துட்டு எந்திரிக்க முடியாம சுத்துவான்ல, நீகூட விழுந்து விழுந்து சிரிச்சியே..."

"ம்."

"படம் முடிஞ்சு டாய்லெட்டுக்குப் போறேன், பின்னாலேர்ந்து தோளப் புடிக்கிறாரு. இடுப்புல கத்திப் புடி தெரியுது. இன்னியோட சரின்னு கண்ண மூடிக்கிட்டேன்."

"அப்பறம்?"

"'அடுத்த பாகம் எப்ப வரும்'னு கேட்டாரு."