வாசிக்காத பக்கம்

வழிகாட்டும் நாய்க்குப் பிளேனில் டிக்கெட் வேண்டாம் என்று தெரிந்த அன்று யோகராஜா அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"கேட்டியே தம்பி? பெஸ்ஸி என்ர காலடியிலயே படுத்துக்கொண்டு வருமாம்."

அது 1992ஆம் ஆண்டு. ரொறன்ரோவில் எங்கள் தங்கை செல்வமலரின் மகளுக்குக் கலியாணம். மூத்த தாய்மாமன் அண்ணன். சலரோகம் என்ற நீரிழிவு அவருடைய கண்ணைப் பறித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அதில் கடைசி ஐந்து வருடமும் பெஸ்ஸிதான் அவருக்குக் கண். லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுப் படியிறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் ஏறி, ஸ்ட்ரெதத்தில் அவர் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்த கந்தோர் வரைக்கும் கொண்டுபோய்விடும், பின்னேரம் கூட்டிவரும். என்னிடம் அவர் கேட்ட உதவி ஒன்றுதான். வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்ல வேண்டும்.

என் மனைவி லலிதா, நாயென்றால் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்று வளர்ந்தவள். ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த பெண்களில் ஒருத்தி, கடித்த மோதகத்திலிருந்து மஞ்சள் மயிர் ஒன்றை இழுத்தெடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அடுத்த வெள்ளி ஒருத்தியும் வரவில்லை. லலிதா மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள்.

"அத்தானைப் போகச் சொல்லேல்லை. அந்தச் சனியனை அனுப்புங்கோ."

"அது இல்லாம அவர் எப்பிடி நடக்கிறது?"

"வெள்ளைப் பொல்லு இருக்குத்தானே. ஊரில கண் தெரியாத ஆக்கள் நாயோடயே திரியினம்?"

அந்த வாரம்தான் நாயைப் பற்றி அரசாங்கக் கடிதம் வந்தது. மூன்று பக்கம். முதல் இரண்டிலும், நாயை நாட்டுக்கு வெளியே தாராளமாகக் கொண்டுபோகலாம் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், திரும்பிவரும் எந்த நாயும், கண் தெரியாதவரின் நாயாக இருந்தாலும், ஆறு மாதம் தனிக் கூட்டில் அடைபட வேண்டும் என்று இருந்தது. விசர்நாய் நோய்க்குப் பயந்து இந்த நாடு வைத்திருந்த சட்டம். நான் இரண்டு பக்கம் வாசித்தேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அண்ணை."

கூட்டுக்குப் பதிகிற படிவத்தையும் நானே நிரப்பினேன். பிளேன்காரரின் படிவம் என்று சொல்லி, அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக் கையெழுத்துக் கோட்டில் வைத்தேன். அவர் அழகாக வைத்தார். பழியை லலிதாவின் தலையில் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. தெருவில் போகிற வெள்ளைக்காரர்கள்கூட நின்று பெஸ்ஸியைப் புகழ்வார்கள். இருக்க இடம் கொடுத்தவன் நான், பெயர் வாங்கியது நாய். எனக்கு எரிச்சல். ஒரு நாயோடு போட்டி போட்ட மனிதன் நான்.

லலிதா வேலையைச் சாட்டி நின்றுவிட்டாள். நானும் அண்ணனும் நாயும் போனோம். கலியாண மண்டபத்தில் பெஸ்ஸி அண்ணனை மணவறைவரை கூட்டிப்போய் நிறுத்தியது. அவர் குனிந்து, மணமக்களின் தலையில் அறுகரிசி போட்டார். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. செல்வமலர் அழுதாள்.

"பாத்தியே தம்பி, ஒருத்தற்ற கையும் பிடிக்காமப் போட்டிட்டன்" என்றார் அண்ணன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாயைத் தங்கையிடம் விட்டோ, நாயோடு அங்கேயே நின்றோ, அவர் ஏதாவது ஒரு முடிவு எடுத்திருப்பார். நான் சோறு சாப்பிடப் போனேன்.

திரும்பும்போது பெஸ்ஸியைப் பெட்டியில் போட்டுச் சாமான்களோடு ஏற்றினார்கள்.

"வரேக்க மட்டும் ஏன் பெட்டியில?"

"இந்தப் பிளேனில சட்டம் வேறயாம்."

ஹீத்ரோவில் அவர் வெறும் வாரைக் கையில் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் நின்றார். ஒரு அதிகாரி வந்து, நாய் கூட்டுக்குப் போய்விட்டது, ஆறு மாதம் கழித்து எடுக்கலாம் என்றான். அண்ணன் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அதிகாரி தாளைக் காட்டினான். பிறகு அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, மரியாதையாக வாயால் சொன்னான்.

"உங்கள் கையெழுத்து இருக்கிறதே, சேர்."

அண்ணன் அந்தத் தாளை வாங்கி விரலால் தடவினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது. இடது கையை நீட்டி, துழாவி, என் முழங்கையைப் பிடித்தார்.

"ஃபோர்வர்ட்" என்றார்.

பெஸ்ஸிக்குச் சொல்கிற சொல், அதே குரல். நான் நடந்தேன்.

லலிதா வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவி வைத்திருந்தாள். வெள்ளைப் பொல்லை அண்ணன் தொடவேயில்லை. பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் முடித்து நான் காலையில் வந்து விழுகிற நேரம், அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். லெஃப்ட். ரைட். பஸ்ஸில் நான் நித்திரை தூங்கி விழுவேன். கந்தோர் வாசலில் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "குட் பாய்" என்பார். திரும்பிவந்த பூசைப் பெண்களுக்கு முன்னால் ஒருநாள் "சிட்" என்றார். நினைப்பதற்குள் நான் இருந்துவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். லலிதா குசினிக்குள் போனவள் அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

கூட்டுக்கு ஒருமுறை கூட்டிப்போனேன். கம்பிக்குள்ளால் விரலை விட்டார். பெஸ்ஸி நக்கியது. நாங்கள் கிளம்பும்போது அது ஊளையிட்ட சத்தம் பஸ் நிற்கிற இடம்வரை கேட்டது.

"இனி வரேல்லை. நான் வாறது அதுக்குத்தான் ஆக்கினை" என்றார்.

நாலாம் மாதம் கடிதம் வந்தது. நாய் சாப்பாட்டை விட்டுவிட்டதாம், நிமோனியாவாம், செவ்வாய்க்கிழமை செத்துவிட்டதாம். ஒரு சொல்லையும் மறைக்காமல் வாசித்தேன்.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"பொய் சொல்லுறாய்" என்றார் நிதானமாக. "ஆறு மாதத்துக்குப் பிறகும் அது வரக்கூடாது எண்டு ரெண்டுபேரும் முடிவெடுத்திட்டியள்."

"சத்தியமா அண்ணை. இந்தமுறை உண்மை."

அவர் டெலிபோன்வரை சுவரைத் தடவிப் போனார். கூட்டின் நம்பர் அவருக்கு மனப்பாடம். வேலையில் பேசுகிற அதே மரியாதைக் குரலில் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தார். நன்றி சொல்லி, ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தார். முகம் ஒரு நிமிடத்தில் கிழவன் முகமாகிவிட்டது. என் அண்ணனை நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

மாசியில், நாய் கொடுக்கும் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணனுக்குப் புது நாய் ஒன்று தயார் என்றார்கள். முன்பக்கம், பின்பக்கம், அடியில் இருந்த பொடி எழுத்து, எல்லாவற்றையும் வாசித்தேன். "எடுங்கோ அண்ணை" என்று கெஞ்சினேன். லலிதாவும் வந்து, "அத்தான், வீட்டுக்குள்ளயே இருக்கட்டும், நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்று அழுதாள்.

"பேனை எடு தம்பி" என்றார். "வேண்டாம் எண்டு எழுது. எனக்கு ஏற்கெனவே ஒரு நாய் இருக்கெண்டு எழுது."

எழுதினேன். பிறகு அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக் கையெழுத்து வைக்கும் கோட்டில் வைத்தேன்.